சாரல் காலையில் பழைய கார் ஸ்டார்ட் ஆகலையா? குளிரைத் திட்டாதீங்க... காரணம் வேற!

ஜூன் பிறந்து சாரல் இறங்கிவிட்டால் பண்பொழி, மேக்கரை, செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்துக்கே தனிக்களை வந்துவிடும். மலை மேல் மேகம், வயலில் ஈரக்காற்று, சாலையெல்லாம் வெளியூர் கார்கள். ராத்திரி முழுக்கச் சாரலில் நனைந்துகொண்டு நின்ற அந்தக் கார்களை, காலையில் அருவிக்கோ திருமலைக்கோவிலுக்கோ கிளப்பும்போதுதான் சிலருக்குச் சிக்கல் ஆரம்பிக்கும். 'கிர்ர்... கிர்ர்...' என்று செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே 'டுப்'பென்று நின்றுவிடும்.

சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பேட்டரி வீக்கா இருக்கும்", "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்", "சோக்கை இழுத்துப் பாருங்க அண்ணாச்சி!" கடைசியில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதுவது ஒரே குற்றவாளிக்குத்தான்: குளிர்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீசன் நேரத்தில் மலையடிவாரத்துக் காலை எவ்வளவு குளிர்ந்தாலும், அது உறைபனி இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது டிகிரியிலும் ஒரே சாவியில் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள். அப்படியொரு இன்ஜின் பண்பொழிச் சாரலுக்கே முரண்டு பிடிக்கிறது என்றால், குளிர் அங்கே குற்றவாளி இல்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி!

இந்த வித்தியாசம் தெரியாமல் பேட்டரியை மாற்றி, ஃப்யூல் பம்ப்பை மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் ஏராளம். பல வீடுகளில் முதல் காரே பத்துப் பதினைந்து வருடப் பழைய கார்தான் என்பதால், இது கொஞ்சம் விளக்கமாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சோக் எங்கே போனது?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஓட்டியவர்களுக்கு 'சோக்' என்ற குமிழ் நினைவிருக்கும். காலையில் அதை இழுத்தால் கார்புரேட்டருக்குள் போகும் காற்றின் பாதை குறுகும். காற்று குறைந்து பெட்ரோல் கூடும். இன்ஜின் பிடித்துச் சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் தத்துவம்.

1990-களின் கடைசியில் காட்சி மாறியது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து 1998 செப்டம்பரில் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, தொடக்கத்திலிருந்தே எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவெடுக்க இ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டி. டெல்லி வட்டாரத்தில் யூரோ புகை விதிகளை முன்கூட்டியே அமல்படுத்த வேண்டும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், மற்ற நிறுவனங்களும் வேகமாக இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. மாருதி 800-ம் அந்த வரிசையில் சேர்ந்தது.

அதோடு டேஷ்போர்டிலிருந்து சோக் குமிழ் காணாமல் போனது. ஆனால், சோக் செய்த வேலை காணாமல் போகவில்லை. அந்த வேலையை நாலைந்து சின்னச் சின்ன உதிரி பாகங்கள் பிரித்து எடுத்துக்கொண்டன. வயதாகி அவற்றில் ஒன்று தளர்ந்தாலும், காலையில் 'கிர்ர்... கிர்ர்...'தான்.

குளிர்ந்த இன்ஜினுக்கு ஏன் கூடுதல் பெட்ரோல்?

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான இன்ஜினில் பீய்ச்சிய பெட்ரோல் உடனே ஆவியாகிவிடும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் (எடைக் கணக்கில்) என்பதுதான் அப்போது சரியான கலவை.

குளிர்ந்த இன்ஜினில் கதை வேறு. பீய்ச்சியதில் ஒரு பகுதி, காலைப் பனி புல்லில் ஒட்டுவது போல, இன்டேக் பாதையின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் ஆவியாகப் போவது கொஞ்சம்தான். அதனால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, கூடுதலாகப் பெட்ரோல் தர வேண்டும்.

இன்னொரு தேவையும் உண்டு. குளிர்ந்த இன்ஜின் ஆயில் கெட்டியாக இருக்கும். பாகங்களைச் சுற்றவே அதிக பலம் வேண்டும். ஆகவே ஐடிலிங் வேகத்தையும் உயர்த்த வேண்டும். சூடான பிறகு நிமிடத்துக்கு 750 முதல் 850 சுற்றில் நிற்கிற ஒரு சின்ன கார் இன்ஜின், காலையில் 1,200, 1,500 என்று நிற்பது இதனால்தான். இது கோளாறு இல்லை. சில நிமிடங்களில் தானாகவே படிப்படியாக இறங்க வேண்டும்; இறங்காவிட்டால்தான் கோளாறு.

ஆக, கூடுதல் பெட்ரோல், கூடுதல் காற்று. குளிர் ஸ்டார்ட்டிங் என்பது இந்த இரண்டும்தான்.

ஐந்தாவது இன்ஜெக்டர் காலம்

ஆரம்பகால இன்ஜெக்‌ஷன் கார்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது சுவாரஸ்யம். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1973-ல் கொண்டுவந்த கே-ஜெட்ரானிக், அடுத்து வந்த எல்-ஜெட்ரானிக் அமைப்புகளில், நாலு சிலிண்டருக்கு நாலு இன்ஜெக்டர் போக, ஐந்தாவதாக ஒன்று இருந்தது. குளிர் ஸ்டார்ட் இன்ஜெக்டர் என்று பெயர். செல்ஃப் சுற்றும்போது மட்டும் இது கூடுதல் பெட்ரோலைத் தூவும்.

எவ்வளவு நேரம் தூவலாம் என்று பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் உண்டு. அவர்தான் தெர்மோ டைம் ஸ்விட்ச். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. சூடு பட்டால் வளைந்து மின் இணைப்பைத் துண்டித்துவிடும். இன்ஜின் சூட்டோடு, அதற்குள் இருக்கும் சின்ன ஹீட்டர் சுருளும் அதைச் சூடாக்கும். மைனஸ் 20 டிகிரி குளிரில்கூட ஏறத்தாழ 8 விநாடிதான் அனுமதி. இன்ஜின் சூடாக இருந்தால் அனுமதியே கிடையாது. இல்லையென்றால், பெட்ரோல் வெள்ளத்தில் ஸ்பார்க் ப்ளக் நனைந்துவிடும்.

கூடுதல் காற்றுக்கும் இதேபோல ஒரு துணை வால்வு இருந்தது. குளிரில் திறந்திருந்து, சில நிமிடங்களில் மெல்ல மூடிக்கொள்ளும். அந்தக் காலத்து இறக்குமதி பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள், காலைத் தகராறு என்றால் இன்றும் முதலில் இந்த மூன்றையும்தான் பார்ப்பார்கள். குளிர் ஸ்டார்ட் இன்ஜெக்டர் ஒழுகினால் சூடான நேரத்தில் ஸ்டார்ட் ஆகாது. துணை காற்று வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஐடிலிங் இறங்காது.

நம்ம ஊர் கார்களில் யார் யார்?

சான்ட்ரோ, மாருதி 800, ஆல்டோ, ஜென், இண்டிகா பெட்ரோல் போன்ற எம்.பி.எஃப்.ஐ. கார்களில் தனியாக ஐந்தாவது இன்ஜெக்டர் கிடையாது. வழக்கமான இன்ஜெக்டர்களையே சற்று அதிக நேரம் திறந்துவைத்து, இ.சி.யூ. கூடுதல் பெட்ரோல் தருகிறது. அந்த முடிவை எடுக்க உதவும் கூட்டணி இது:

1. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்: இன்ஜினின் தெர்மாமீட்டர் இது. குளிரில் இதன் மின்தடை அதிகம், சூட்டில் குறைவு. பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரையும் இருக்கும். இதைப் படித்துத்தான் இன்ஜின் சூடா, குளிரா என்று இ.சி.யூ. முடிவு செய்கிறது. சென்சார் பொய் சொன்னால், இ.சி.யூ.வும் அந்தப் பொய்யை நம்பித்தான் பெட்ரோல் தரும். 'சூடாக இருக்கிறேன்' என்ற பொய்யால் காலையில் பெட்ரோல் போதாது. 'குளிராக இருக்கிறேன்' என்ற பொய்யால் நாள் முழுக்க பெட்ரோல் வீண்.

இங்கே ஒரு நுணுக்கம். பல பழைய கார்களில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், இ.சி.யூ.வுக்கு வேறொரு சென்சார். 'முள் சரியாத்தானே காட்டுது' என்று விட்டுவிட முடியாது.

2. ஐடில் காற்று வால்வு: காலை ஆக்ஸிலரேட்டரில் வைக்காதபோது த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். அப்போது இன்ஜின் மூச்சுவிடுவது இந்த வால்வு திறக்கும் சின்னப் பக்கவாட்டுப் பாதை வழியாகத்தான். ஏ.சி போட்டால் இன்ஜின் தடுமாறாமல் இருக்க, கொஞ்சம் அதிகமாகத் திறப்பதும் இதுதான். சில ஜப்பானிய வடிவமைப்பு இன்ஜின்களில், சூட்டில் விரியும் மெழுகு நிரப்பிய ஒரு வால்வு காலை நேரக் கூடுதல் காற்றைக் கவனித்துக்கொள்ளும்.

3. த்ராட்டில் பாடி: வருடக்கணக்கில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கதவின் ஓரத்தில் படிந்து காற்றை அடைத்துவிடும். எளிதாகச் சரியாகிற, ஆனால் கடைசியாகக் கவனிக்கப்படுகிற இடம் இதுதான்.

4. தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் கூலன்ட்டை விடாமல் தடுக்கும் கதவு. நம் பக்கத்தில் 'இந்த வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு?' என்று இதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் உண்டு. விளைவு? இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. இ.சி.யூ. 'இன்னும் காலைதான்' என்று நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலைத் தந்துகொண்டே இருக்கும். 'மைலேஜ் கிடைக்கலை' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்தக் காணாமல் போன கதவு இருக்கும். கூலன்ட்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால், சென்சார் மேல் துருவும் உப்பும் படிந்து அதன் வாசிப்பும் கெடும்.

5. பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கும் வால்வு: வண்டியை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் இறங்காமல் காக்க வேண்டும். இது தளர்ந்தால் ராத்திரியோடு அழுத்தம் இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போ சாரலுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. ஆனால், குளிரைவிட ஈரம்தான் வேலை காட்டும். வயதான ஸ்பார்க் ப்ளக் வயர்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அதன் மேல் ஈரம் படிந்தால், ப்ளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இன்ஜின்களில் அதன் மூடிக்குள்ளும் ஈரம் சேரும். பத்து மணிக்கு வெயில் வந்ததும் கார் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறதா? சந்தேகத்தை வயர் பக்கம் திருப்புங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜின் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் அது.

சென்சார் கனெக்டர்களில் ஈரம் இறங்கிப் பச்சைப் பூஞ்சை போலப் படிவதும் மழைப் பிரதேசங்களில் சகஜம். சென்சார் நன்றாக இருக்கும், இணைப்புதான் கெட்டிருக்கும்.

அறிகுறி சொல்லும் ரகசியம்

வொர்க்‌ஷாப் போகும் முன் உங்கள் காரை இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பாதி நோயை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

* சாவியை ஆன் செய்து, இரண்டு விநாடி காத்திருந்து, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்த பிறகு ஸ்டார்ட் ஆகிறதா? ராத்திரியில் பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது. பம்ப்பில் உள்ள வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும்.

* ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் ஸ்டார்ட் ஆகி, காலை எடுத்தால் நிற்கிறதா? காற்று போதவில்லை. த்ராட்டில் பாடி கரி, ஐடில் வால்வு இரண்டும் முதல் சந்தேகம்.

* காலையில் தகராறு, சூடான பின் நல்ல பிள்ளையா? கூலன்ட் சென்சார், ஸ்பார்க் ப்ளக், வயர்.

* காலையில் சுலபம்; டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் தகராறு, கறுப்புப் புகை, பெட்ரோல் வாடையா? பெட்ரோல் மிகுதி. சென்சார் எப்போதும் குளிர் என்கிறது, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

* ஐடிலிங் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்குகிறதா? எங்கேயோ ரப்பர் குழாய் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது.

* சூடான பின்னும் 1,500-லேயே நிற்கிறதா? தெர்மோஸ்டாட், சென்சார், காற்றுக் கசிவு.

* சாவி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா? கூலன்ட் சென்சார் இணைப்பு அறுந்தால், இன்ஜினைக் காப்பாற்ற ஃபேனை ஓடவிடும்படி பல கார்களில் இ.சி.யூ.வுக்குச் சொல்லிவைத்திருப்பார்கள்.

'செக் இன்ஜின்' விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். சென்சார் முழுதாகச் செத்தால்தான் பெரும்பாலும் விளக்கு எரியும். 25 டிகிரியை 60 டிகிரி என்று சொன்னால், அதுவும் நம்பக்கூடிய எண்தானே என்று பழைய இ.சி.யூ. பேசாமல் இருந்துவிடும்.

மலைப்பாதையில் நின்றுவிட்டால்..?

'காலையில ரெண்டு தடவை ஆஃப் ஆகும், அவ்வளவுதானே' என்று அலட்சியம் காட்டுபவர்கள் உண்டு. சமவெளியில் அது எரிச்சல். மலையில் அது ஆபத்து. திருமலைக்கோவில் மலைச் சாலையிலோ, மேக்கரை தாண்டி அச்சன்கோவில் போகும் காட்டுப் பாதையிலோ, புளியரை ஏற்றத்திலோ வளைவில் வேகம் குறைத்துக் காலை எடுக்கும் நொடியில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும்?

பிரேக்குக்குத் துணை நிற்கும் பூஸ்டர், இன்ஜின் உருவாக்கும் வெற்றிடத்தில்தான் இயங்குகிறது. இன்ஜின் நின்ற பிறகு ஓரிரு மிதிக்கு மட்டுமே அதில் மிச்சம் இருக்கும். அதன் பின் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அப்படி நேர்ந்தால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தமாக, முழு பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். கூடவே ஹேண்ட் பிரேக், கியர், ஹஸார்டு விளக்கு. பிறகுதான் சாவி. ஐடிலிங் சரியில்லாத காரைக் குடும்பத்தோடு மலைக்கு ஏற்றாமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

புகைச் சான்றிதழிலும் மாட்டும்

பெட்ரோல் காரின் புகைப் பரிசோதனையில் அளவெடுப்பதே ஐடிலிங்கில்தான். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது; ஸ்டேஜ் 4-க்கு வரம்பு 0.3 சதவிகிதம். 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் கார் இதில் தோற்றால், 'இன்ஜினே போச்சு' என்று பயப்பட வேண்டியதில்லை. பெட்ரோலை அள்ளி ஊற்றச் சொல்லும் ஒரு சின்ன சென்சார்கூட காரணமாக இருக்கலாம். ஆனால், அதை அப்படியே விட்டால், எரியாத பெட்ரோல் போய்ச் சேருவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு. பிறகு செலவு பல மடங்கு.

அதே கார்பன் மோனாக்ஸைடுதான் மூடிய ஷெட்டில் உயிரைப் பறிக்கும் வாயு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஸ்டார்ட் செய்த உடனே காரை வெளியே எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே சூடாக்க வேண்டிய அவசியமும் இல்லை. அரை நிமிடம் விட்டு, முதல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும்.

எத்தனால் பெட்ரோல் என்ன செய்யும்?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஆவியாவதற்கு எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். 1979-லிருந்தே எத்தனால் கார்களை ஓட்டிவரும் பிரேசிலில், குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்வதற்காகவே பானெட்டுக்குள் தனியாக ஒரு குட்டிப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள்!

நம் குளிருக்கு அந்த அளவு கவலை வேண்டாம். ஆனால், ஒன்று கவனிக்க வேண்டும். எத்தனால் கலந்தால் கலவையில் பெட்ரோல் பங்கு சற்றுக் கூட வேண்டும். சூடான பின் ஆக்ஸிஜன் சென்சார் புகையைப் பார்த்து இதைச் சரிசெய்துவிடும். அந்த சென்சார் வேலை செய்யவே ஏறத்தாழ 300 டிகிரி சூடு தேவை. அதுவரை இ.சி.யூ. பழைய பெட்ரோலுக்கு எழுதிய கணக்கைத்தான் நம்பும். ஆகவே, ஏற்கெனவே பொய் சொல்லும் சென்சார் இருந்தால், காலைத் தகராறு முன்பைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரியலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தப்போகும் காரில் பாதி காலி டேங்க் வேண்டாம். உங்கள் கார் எந்தக் கலவை வரை தாங்கும் என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், வயர். அடுத்து த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் அதற்கான க்ளீனரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சுத்தம் செய்ததும் ஐடிலிங் ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கலாம். பல கார்களில் இ.சி.யூ. புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

கூலன்ட் சென்சாரை மாற்றும் முன், ராத்திரி முழுக்க நின்ற காரில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் வெப்பநிலையும் வெளிக்காற்று வெப்பநிலையும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் யார் பொய் சொல்கிறார் என்று பிடித்துவிடலாம். ஸ்கேனர் ஏற்காத பழைய காருக்கு மல்ட்டிமீட்டரே போதும். சின்ன கார்களில் இந்த சென்சார் பெரும்பாலும் சில நூறு ரூபாய் விஷயம்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். த்ராட்டில் கதவைத் தாங்கும் ஸ்க்ரூவைத் திருகி 'ஐடிலிங் ஏத்திவிட்டேன்' என்று சொல்வது. கதவு மூடியிருக்கிறது என்பதே இ.சி.யூ.வுக்குத் தெரியாமல் போய், இருக்கும் கட்டுப்பாடும் கெட்டுவிடும்.

வழியில் மாட்டிக்கொண்டால், செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்தாறு விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ப்ளக் நனைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். அப்போது பல கார்களில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு உள்ளே உலர்த்தும். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும்.

இந்த சீசனுக்குப் பழைய காரில் குற்றாலம் கிளம்பும் திட்டம் இருந்தால், ஒரு வாரம் முன்பாகவே ஒரு சின்னப் பரிசோதனை. ராத்திரி முழுக்க வெளியே நிறுத்துங்கள். காலையில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் பிடித்து, கொஞ்சம் உயர்ந்து, சில நிமிடங்களில் அமைதியாக இறங்கினால், தைரியமாக மலையேறலாம். இல்லையென்றால், அருவிக்குப் போகும் முன் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு நடை!